சோதித்தவர் எண் பதினேழு

தாவ்யுவான்
தைவான், 2002 ஆகஸ்ட் 25, ஞாயிறு

அன்புள்ள ஆசுங்,

சாப்பிட்டியா? இல்லன்னா சாப்பிட்டு முடிச்சிட்டு இதைப் படி. நான் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. சோத்துத் தட்டைப் பாத்தாலே குமட்டுது.

வெள்ளிக்கிழமை ஏழாம் மாசப் படையல். வழக்கம்போல ஃபேக்டரி வாசல்ல மேஜை போட்டு, பசியோட அலையற ஆவிங்களுக்கு நூடுல்ஸ், டின் மீன், பீர், பழம் எல்லாம் அடுக்கி, ஊதுபத்தி கொளுத்திட்டு நிக்கிறோம். அப்பதான் லாரி வந்துது. ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்பின சரக்கு. முன்னூத்திப் பன்னெண்டு மதர்போர்டு. எல்லாம் மே மாசம் உங்க தோங்குவான் ஃபேக்டரியில செஞ்சது.

பெட்டியத் திறந்தேன் பாரு, அய்யய்ய! மீன் அழுகின வாடை. டின் மீன் ஏதோ ஒழுகிடுச்சின்னு நெனச்சு படையல் மேஜையப் போய்ப் பாத்துட்டு வந்தேன். மேஜை சுத்தமா இருந்துது. வாடை போர்டுங்ககிட்டருந்துதான். மேல இருந்த போர்டுங்கள்ல கெப்பாசிட்டர் ஒண்ணுவிடாம தலை பொங்கி, அந்தக் குட்டி அலுமினிய டப்பா வாயப் பொளந்து, பழுப்புத் தண்ணி கக்கிக் கிடந்துது. கையுறை போட்டும் விரல்ல ஏறிடுச்சு. சோப்பு போட்டுப் பாத்தேன், எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தேன், போகல. யீஜென் என் பக்கத்துல படுக்க மாட்டேங்குறா. "அம்மா, உன் மேல மீன் கடை வாடை"ன்னு தலைகாணியத் தூக்கிட்டு ஓடிட்டா. எட்டு வயசுப் பொண்ணு, பொய் சொல்லமாட்டா.

சரி, பொங்கினது எரநூத்திப் பதினஞ்சு. மீதி தொண்ணூத்தி ஏழு பொங்கவே இல்ல. அதெல்லாம் ஜெர்மனியில பெட்டியிலருந்து எடுத்த அன்னிக்கே ஆன் ஆகல. அதுல ஒண்ணை எடுத்து மெமரி மாட்டப் போனேன், உள்ள போகல. டார்ச் அடிச்சுப் பாத்தா, ஸ்லாட்டுக்குள்ள ஒரு செத்த கரப்பான்பூச்சி. நசுங்கி, கால் ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு. அதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி மஞ்சள் ஸ்டிக்கர்: "சோதித்து நல்லது எனக் கண்டது. சோதித்தவர் எண் 17."

பதினேழு நீதானே?

துணைத் தலைவர் யே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. திரும்பி வந்த சரக்கைப் பிரிக்கிற பிரிவுக்கு நான்தான் தலைமை, அதனால அறிக்கையும் நான்தான் எழுதணும். அக்டோபர் ஒன்பதாம் தேதி கெடு. ஜெர்மனிக்காரன் கேக்குறது ரெண்டே கேள்வி. இதைச் சோதிச்சீங்களா? சோதிக்கலன்னா யார் சோதிக்கல? என் கையெழுத்துக்கு மேல எந்தப் பேரு வருதோ அந்த ஆளுக்கு வேலை போயிடும். அதனால எனக்கு நேர்மையா பதில் எழுது.

கம்பெனி மெயில்ல எழுதாத, படிக்கிறானுங்க. ஃபோனும் வேணாம், உன் ரூம்ல நாலு பேர் காது. வாராவாரம் அங்கயும் இங்கயும் போயிட்டு வர்ற லாய் அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பு. அவர்கிட்ட உனக்கு டீத்தூள், ரெண்டு பனியன், எட்டுப் பச்சைப் பொட்டலம் சோளப்பொரி அனுப்பியிருக்கேன். காலாவதித் தேதி பாத்துதான் வாங்கினேன். மெஷின் மேல வையி, பொரியோட பேரே 'சொன்ன பேச்சு கேளு', மெஷினும் கேக்கும்.

கோவத்தோடும் அன்போடும்,
ஆலுவான்


தோங்குவான்
சீனா, 2002 செப்டம்பர் 3

என் அதிகாரி அம்மாவுக்கு,

வணக்கம், வணக்கம்! கடிதம் வந்துது, பனியன் வந்துது, பொட்டலமும் வந்துது. ஏழு மெஷினுக்கு ஏழு வச்சேன். எட்டாவது என் தலைமாட்டுல. நானும் சொன்ன பேச்சு கேக்கட்டுமே.

நீ என்னடி, ஒரு கரப்பானுக்கு இந்தப் பாடு படுத்துற! கரப்பான்லயே ஜெர்மன் கரப்பான்னு ஒரு சாதி இருக்கு, தெரியுமில்ல? அந்த ஊருக்காரன் கிடங்குல, அந்த ஊருக் கரப்பான் ஏறியிருக்கும். நம்ம போர்டுல கதகதப்பா இருந்துச்சேன்னு குடும்பம் நடத்த வந்திருக்கும். அதுக்கு நான் என்ன பண்ணமுடியும்?

கெப்பாசிட்டர் விஷயம் இங்க எல்லாருக்கும் தெரியும். கொள்முதல் பிரிவு மலிவா கிடைக்குதுன்னு புதுசா ஒருத்தன்கிட்ட வாங்குனாங்க. அதுக்குள்ள இருக்கிற திரவம் சரியில்லயாம். அடுத்த தெருவுல இருக்கிற ஃபேக்டரியிலயும் இதே கதைதான். நீ பேசாம "கெப்பாசிட்டர் தரக்குறைவு"ன்னு ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இரு. அது பொய்யும் இல்ல. யார் தலையும் உருளாது. கெப்பாசிட்டர் செஞ்சவன் யாருன்னே யாருக்கும் தெரியாது.

இங்க சாப்பாடு உன்னால நெனச்சே பாக்கமுடியாது. சமையல்காரன் ஹுனான்காரன். கஞ்சியத் தவிர எல்லாத்துலயும் மிளகா. போன வாரம் பீன்ஸ் பொரியலைத் தேடுனேன், மிளகாய்க்கு அடியில நாலு பீன்ஸ் இருந்துது. வயிறு எரியுது. உன் கையால வச்ச முள்ளங்கி சூப் ஒரு கிண்ணம் கிடைச்சா போதும்னு இருக்கு.

நிலாப் பண்டிகைக்கு வரமுடியாது போலருக்கு. மேனேஜர் காவ் லீவு எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. யீஜென்கிட்ட நீயே பதமா சொல்லு. முன்பல்லு முளைச்சிடுச்சா?

உன் பதினேழாம் எண்,
ஆசுங்


தாவ்யுவான்
2002 செப்டம்பர் 15, ஞாயிறு

ஆசுங்,

உன் ஜெர்மன் கரப்பான் ஜோக்கைப் படிச்சிட்டு ஒரு நிமிஷம் சிரிச்சிட்டேன். என் மேலயே எனக்கு வெறுப்பா இருந்துது. அப்புறம் சாமணம் எடுத்து அந்தக் கருமத்தை ஸ்லாட்டுக்குள்ளருந்து பிடுங்குனேன். லேசுல வரல. ஏன் தெரியுமா? ஈயம் பத்தவைக்கிறப்ப அடிப்போமே பிசின், அது அடியிலருந்து ஏறி, கரப்பான் வயித்தோட காய்ஞ்சு ஒட்டியிருக்கு. ஜெர்மனியில ஏறின கரப்பான், உங்க லைன்ல ஓடுற பிசினை எங்க போய்ப் பூசிக்கிட்டு வந்துச்சு? அது பொறந்தது, செத்தது எல்லாம் உன் ஃபேக்டரியிலதான்.

உனக்கே பாடம் எடுக்கவேண்டிய தலையெழுத்து எனக்கு. புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவோம்? முதல்ல கண்ணால பாரு, பொங்கினது வளைஞ்சது கருகினது இருக்கான்னு. அப்புறம் மீட்டர் வச்சு கரண்ட் வழியில எங்கயாவது ஷார்ட் ஆகுதான்னு பாரு. அப்புறம் புராசசர், ஒரே ஒரு மெமரி, அவ்வளவுதான், வேற எதையும் மாட்டாத. சுவிட்ச் போடு. ஒரு பீப் வந்தா போர்டு உயிரோட இருக்கு. வரலன்னா சோதனைக் கார்டுல எந்த ரெண்டு எழுத்துக் குறியில வந்து நிக்குதுன்னு பாரு. சந்தேகமா? நல்லதுன்னு தெரிஞ்ச பாகத்தை மாத்தி மாட்டு, ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. பத்து நிமிஷப் பாடம். குழந்தையும் கத்துக்கும்.

அந்தத் தொண்ணூத்தி ஏழையும் நான் அப்படித்தான் பாத்தேன். புராசசர் சாக்கெட் கோணலா உக்காந்தது முப்பது. மெமரி ஸ்லாட்டுல பத்தவைக்காம விட்டது நாப்பத்தி ஒண்ணு. மீதி இருபத்தி ஆறுல ஆளுக்கொரு கோளாறு. இதெல்லாம் ஒரு தடவை சுவிட்ச் போட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும். யாரும் சுவிட்ச் போடல.

உடனே கிடங்குக்குப் போய் உங்க சோதனைப் பதிவு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். மாசாமாசம் அனுப்புறீங்க, யாரும் திறந்து பாத்ததில்ல, பொட்டலத்து ஒட்டுகூடப் பிரியல. ஆயிரத்து ஐநூறு போர்டு. எல்லாம் "நல்லது". அதுவே ஒரு அதிசயம், ஒண்ணுகூடவா தோக்காது? அப்புறம் இன்னொண்ணு கண்ணுல பட்டுது. இந்தப் புது மாடல்ல நெட்வொர்க் சில்லு இருக்கு இல்ல, ஒவ்வொரு சில்லுக்கும் தனி எண். உலகத்துல ரெண்டு போர்டுக்கு ஒரே எண் வராது. சோதனை மென்பொருள் அந்த எண்ணைத் தானாப் படிச்சு எழுதிக்குது. முதல் நூத்தி எண்பத்தி எட்டு போர்டுக்கு எண் வேறவேற. மே இருபத்தி ஒன்பது சாயங்காலம் நாலு பத்துலருந்து மீதி ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டுக்கும் ஒரே எண்.

அந்த எண்ணு எனக்கு மனப்பாடம். அது தங்க போர்டு. காலையில மெஷின் சரியா இருக்கான்னு பாக்க மட்டும் மாட்டுறதுக்காக, நான் அம்பது போர்டை ஒரு வாரம் ஓட்டிப் பாத்து, அதுல நல்லதா ஒண்ணைப் பொறுக்கி, துணியில சுத்தி உன் பெட்டியில வச்சு அனுப்பினேன். மத்த நேரத்துல பூட்டுன அலமாரிய விட்டு அது வெளிய வரக்கூடாது. சாவி உன் இடுப்புல.

பதிவுல வேலை பாத்தவங்க கார்டுன்னு ஒரு பேரு இருக்கு: தெங் சுன்யே. யார் அது?

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உன் வாயால கேக்கணும்.

ஆலுவான்


தோங்குவான்
2002 செப்டம்பர் 23

ஆலுவான்,

ஒரு வாரமா உன் கடிதத்தைச் சட்டைப்பையிலயே வச்சிக்கிட்டுத் திரியறேன். உன்கிட்ட எதையும் மறைக்கமுடியாதுன்னு தெரிஞ்சும் கரப்பான் கதை சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ஆமா, நான்தான் செஞ்சேன். சொல்லிட்டேன். இப்பக் கொஞ்சம் கேளு.

முதல் நூத்தி எண்பத்தி எட்டை ஒழுங்காத்தான் சோதிச்சேன். அஞ்சுக்கு ஒண்ணு தோத்துது. தோத்ததைத் தனியா எடுத்து வச்சு, சரிபண்ணி, மறுபடி ஓட்டி, அதுக்கப்புறம்தான் "நல்லது"ன்னு போட்டேன். கப்பல் முப்பத்தி ஒண்ணாம் தேதி. மேனேஜர் காவ் என் முதுகுக்குப் பின்னாலயே வந்து நின்னுட்டாரு. "மாஸ்டர் சியென், தோக்குறதை எண்ணிக்கிட்டே இருந்தா கப்பல் உனக்காகக் காத்திருக்குமா? எனக்கு எண்ணிக்கை வேணும், கதை வேணாம்"னாரு. ஒரு போர்டை மாட்டி, ஓட்டி, கழட்ட ஆறு நிமிஷம். தோத்ததைச் சரிபண்ணி மறுபடி ஓட்டணும்னா, ஏழு மெஷினும் ஓடினாலும் ரெண்டு நாள் எங்க போதும்? தங்க போர்டை எடுத்து மாட்டுனேன். அதை மாட்டியே வச்சுக்கிட்டு, மத்த போர்டோட பட்டைக்கோடை மட்டும் காட்டிட்டே போனேன். அம்பது செகண்டுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் ஏழு மெஷின்ல அதை மாட்டின மெஷின் ஒண்ணுதான் ஓடுச்சு. பழைய மாடல்ல நெட்வொர்க் சில்லு கிடையாதே, அந்த எண்ணு பதிவாகும்னு மண்டையில ஏறவே இல்ல. இருபது வருஷ அனுபவம், மடையன் மாதிரி மாட்டிக்கிட்டேன்.

சுன்யே லைன்ல வேலை பாக்குற பொண்ணு. ஹுனான் பக்கம். பத்தொன்பது வயசு. என் மேற்பார்வையாளர் கார்டுக்கு அந்த மெஷின் திறக்காது, அதனால அவ கார்டைப் போட்டேன். லைன் முழுக்க என் எண் போட்ட ஸ்டிக்கர்தான், அவ ஒட்டுனா, நான் ஒட்டச் சொன்னேன். ஒரே ஒரு தடவை கேட்டா: "மாஸ்டர், போர்டு எல்லாம் என் மேஜையில இருக்கு. அந்த மெஷின் எதைப் பாத்து நல்லதுங்குது?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவ கேக்கல.

எல்லா ஃபேக்டரியிலயும் மாசக் கடைசியில இதுதான் நடக்குது ஆலுவான். நான் மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. இந்த வேலை போச்சுன்னா தைவான்ல எவன் எடுப்பான்? ஃபேக்டரிங்கெல்லாம் இந்தப் பக்கம் வந்தாச்சு. நீ எழுதப்போற ஒரு வரியிலதான் என் பொழப்பு இருக்கு. கெப்பாசிட்டர்னு எழுதிடு.

யீஜென்னுக்கு: தங்கமே, அப்பா மாடியில ஏறி நிலாவைப் பாத்தேன். புகை மூட்டம், பாதிதான் தெரிஞ்சுது. மீதிப் பாதிய நீ பாத்திருப்பேன்னு விட்டுட்டேன்.

உன்
ஆசுங்


தாவ்யுவான்
2002 செப்டம்பர் 29, ஞாயிறு

ஆசுங்,

பண்டிகை அன்னிக்குத் தெருவே நடைபாதையில அடுப்பு வச்சு கறி சுட்டுக்கிட்டு இருந்துது. யீஜென் பம்ப்ளிமாஸ் தோலைத் தலையில கவுத்துக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்தா. நான் கையில மீன் வாடையோட ஒரு ஓரமா உக்காந்து, உன் பதில் எப்படி இருக்கும்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப வந்து சேர்ந்துது. படிச்சேன்.

சீ!

கெப்பாசிட்டர் பொங்கினது உன் பாவம் இல்ல. ஆறு நிமிஷச் சோதனையில அது தெரியவும் தெரியாது. அதை நான் உன் தலையில கட்டமாட்டேன், கொள்முதல்காரன் தலையிலதான் கட்டுவேன். ஆனா ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு போர்டை ஒரு தடவைகூட சுவிட்ச் போடாம "சோதித்தது"ன்னு ஒட்டியிருக்க பாரு, அதை என்னால ஜீரணிக்கமுடியல. அதுவும் நான் பொறுக்கி எடுத்துக் கொடுத்த போர்டை வச்சு! ஊர்ல ஒரு யோக்கியனைக் காட்டி, அவன் பின்னால ஆயிரம் திருடனைப் பந்தியில உக்காரவச்ச மாதிரி இருக்கு.

பச்சைப் பொட்டலம் ஏழு மெஷினுக்கும் வச்சேன்னு எழுதியிருந்தியே, எதுக்குடா? ஓடாத மெஷினுக்கு எதுக்குச் சொன்ன பேச்சு கேக்கணும்? எடுத்துப் பிரிச்சுத் தின்னுடு. பசியாவது தீரும்.

நீ எனக்குப் பிடிச்சுப்போனது எதனாலன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? உன் பேச்சால இல்ல. நீ வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வாரம், கழண்ட திருகாணி ஒண்ணு எந்தப் போர்டுக்கு அடியில போச்சுன்னு தெரியாம லைனையே நிறுத்திட்ட. எண்பது பேர் உன்னைத் திட்டுனாங்க. நீ குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு போர்டாத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருந்த. அந்த ஆளையா நான் கட்டிக்கிட்டேன்? இல்ல, வேற யாரையாவது தப்பா கூட்டிட்டு வந்துட்டேனா?

இப்ப நான் கேக்குறது இதுதான். ஒரு பக்கம், உன் கையெழுத்துல, தலைமை அலுவலகத்துக்கு எழுது. "நான் சோதிக்கவில்லை. தங்க போர்டைப் பயன்படுத்தினேன். தெங் சுன்யே நான் சொன்னதைச் செய்தார்." இந்த மூணு வரி போதும். தானா முன்வந்து ஒத்துக்கிட்டாருன்னு நான் அதுக்கு மேல எழுதுறேன். பதவி இறக்குவாங்க, திட்டுவாங்க, இங்க திருப்பி அனுப்புவாங்க. அனுப்பட்டுமே! முள்ளங்கி சூப் குடிச்சிக்கிட்டு வீட்டுல இரு. நான் உன்னைத் தூக்குல போடச் சொல்லல ஆசுங், ஒத்துக்கோன்னுதான் சொல்றேன்.

ஏழாம் தேதிக்குள்ள லாய் அண்ணன் கையில அந்தத் தாள் வரணும். ஏன்னா பதிவுல உன் பேரு இல்ல, அந்தப் பொண்ணு பேருதான் இருக்கு. நீ சும்மா இருந்தா அவதான் மாட்டுவா. வெளிய அனுப்புற பொண்ணுங்க பேரை ஃபேக்டரிக்கு ஃபேக்டரி ஃபேக்ஸ் அனுப்புறானுங்க, உனக்கே தெரியும்.

இதுல என்னை ஏமாத்தாத. கெஞ்சிக் கேக்குறேன்.

ஆலுவான்


தோங்குவான்
2002 அக்டோபர் 6

ஆலுவான்,

இதோட ஒரு தாள் வச்சிருக்கேன். நீ கேட்ட தாள் இல்ல. ஆனா உன் வேலையச் சுலபமாக்குற தாள். தெங் சுன்யே எழுதிக்கொடுத்த ஒப்புதல். அலுப்புப் பட்டு, யாருக்கும் தெரியாம, தானே தங்க போர்டை எடுத்து மாட்டிட்டதா எழுதியிருக்கா. அடியில சிவப்பு மையில கட்டைவிரல் ரேகை இருக்கு. இதை உன் அறிக்கையோட சேர்த்துக் குத்திடு, முடிஞ்சுது.

குதிக்காத. அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நானே பேசிட்டேன். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துட்டேன், பன்னெண்டாம் தேதி. புது வருஷம் முடிஞ்சு வேற ஊர்ல, வேற ஃபேக்டரியில சேர்ந்துக்குவா. சின்னப் பொண்ணு, இன்னும் அம்பது வேலை பாப்பா. எனக்கு இதுதான் கடைசி வேலை. அழுதா, ஆமா. கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் விரலை நீட்டிட்டா.

நீ எழுதினதைப் படிச்சதும் எனக்கும் கோவம் வந்துது. அதனால ஒண்ணு கேக்குறேன். திரும்பி வந்த போர்டை உங்க பிரிவு என்ன பண்ணுது? பொங்கின கெப்பாசிட்டரைப் பிடுங்கிட்டு வேற வைக்குறீங்க. பல் துலக்குற பிரஷ்ஷால ஸ்பிரிட் போட்டுக் கழுவுறீங்க. புதுப் பையில போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, "புதியது"ன்னு தூர தேசத்துக் கடைங்களுக்கு அனுப்புறீங்க. எவனோ கக்கினதைத் துடைச்சு, தட்டுல வச்சுப் பரிமாறுற வேலை. நாலு வருஷமா செய்யுற. ஆர்டர்ல கையெழுத்து யாருது? உன்னுதுதானே? அப்ப மட்டும் கையில மீன் வாடை வரலயா?

நான் மூணு நாள் செஞ்சேன். நீ நாலு வருஷம். எனக்குப் பாடம் எடுக்காத.

ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறினவங்க. அதனால பேசாம தாளைக் குத்து. எல்லாம் சரியாயிடும். சீனப் புத்தாண்டுக்கு வரும்போது யீஜென்னுக்கு சைக்கிள் வாங்கிட்டு வரேன்.

ஆசுங்


தாவ்யுவான்
2002 அக்டோபர் 13, ஞாயிறு

சியென் மாவ்சுங்,

உன் கடிதமும் அந்தத் தாளும் எட்டாம் தேதி கிடைச்சுது. கட்டைவிரல் ரேகைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் மை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. தானா வச்ச விரல் அப்படி இழுக்காது.

அப்புறம் உன் ரெண்டாவது பக்கத்தைத் திருப்பிப் படிச்சேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பிரஷ்ஷை நானேதான் மொத்தமா வாங்கச் சொன்னேன், நீல நிறம், முந்நூறு. மேலேயிருந்து ஆர்டர் வந்துது, கையெழுத்துப் போட்டேன். குப்பையில போடுறதுக்குச் சரிபண்ணிக் கொடுக்குறது புண்ணியம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரிபண்ணது தப்பில்ல, "புதியது"ன்னு ஒட்டினதுதான் திருட்டு. நாலு வருஷமா அது எனக்கு நாறவே இல்ல. நீ எழுதின பிறகுதான் நாறுச்சு. இந்த ஒண்ணுக்காக உனக்கு நன்றி சொல்லணும்.

ஒன்பதாம் தேதி காலையில அறிக்கையக் கொடுத்தேன். மூணு பக்கம். முதல் பக்கம் கெப்பாசிட்டர், யார் வாங்கினது, எந்தத் தேதியில வாங்கினது. ரெண்டாம் பக்கம் சோதிக்காத ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு, சியென் மாவ்சுங், எண் பதினேழு, பின்னால நின்ன மேனேஜர் காவ். சுன்யேவோட ஒப்புதல் தாளையும் சேர்த்துக் குத்தினேன், நீ சொன்ன மாதிரியே. ஆனா அது மேல "இது பொய், கட்டாயத்தில் வாங்கியது"ன்னு எழுதி, அதுக்குச் சாட்சியா உன் செப்டம்பர் இருபத்தி மூணாம் தேதிக் கடிதத்தையும் வச்சேன். யீஜென்னுக்கு நீ எழுதின வரிகளை மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கிட்டேன். அது அவளுக்கு எழுதினது, ஜெர்மனிக்காரன் படிக்க இல்ல.

மூணாம் பக்கம் நான். எத்தனை போர்டு, எந்தெந்த ஊரு, என் கையெழுத்து.

துணைத் தலைவர் யே முதல் பக்கத்துக்கு "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க"ன்னாரு. ரெண்டாம் பக்கத்துக்கும் தலையாட்டுனாரு, உன்னைப் பலி கொடுக்க அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. மூணாம் பக்கத்தைப் பாத்ததும் கண்ணாடியக் கழட்டிட்டாரு. "இது எதுக்கும்மா? இதை யாரும் கேக்கவே இல்லையே?" "நான் கேட்டுக்கிட்டேன் சார்." "இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க, நீங்க பத்திரமா இருக்கலாம்." "முடியாது சார். காலையிலயே மூணு பக்கத்தையும் ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் பண்ணிட்டேன்." அந்த ஸ்லாட்டுக் கரப்பானை நான் எப்படிப் பாத்தேனோ, அப்படிப் பாத்தாரு என்னை. வெள்ளிக்கிழமை என் கார்டுக்கு கேட் திறக்கல. காவல்காரர் ஒரு அட்டைப்பெட்டியில என் டீ கப்பையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தாரு.

லாய் அண்ணன் பத்தாம் தேதி உங்க பக்கம் வந்தாரு இல்ல, ரெண்டாம் பக்கத்து நகல் ஒண்ணை சுன்யே கையிலயே கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். கொடுத்துட்டாராம். மூட்டை கட்டிவச்சுட்டு கட்டில்ல உக்காந்திருந்தாளாம். ரெண்டு தடவை படிச்சிட்டு, டிக்கெட்டைக் கிழிச்சிட்டு, சாயங்கால ஷிப்டுக்குப் போயிட்டாளாம். இருக்குறதும் போறதும் இனி அவ இஷ்டம். அவ பேர்ல கறை இல்ல.

ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறினவங்கன்னு எழுதியிருந்த. நாள் கணக்குப் பாத்தா நான் உன்னைவிட மோசம், ஒத்துக்குறேன். நீ தங்க போர்டை மாட்டினதை நான் மன்னிச்சிருப்பேன். என்னைப் பாத்து நீ கத்தினதையும் மன்னிச்சிட்டேன். ஆனா நான் எந்தப் பொண்ணு விரலையும் பிடிச்சு மையில அழுத்தினதில்ல. அதைப் பண்ணிட்டு, அவ அழுததையும் எழுதி, அடுத்த வரியில சைக்கிள் வாங்கிட்டு வரேங்குற. அந்த வரிய எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? அந்த ஆள் பக்கத்துல என்னால படுக்கமுடியாது. வாடைன்னு யீஜென் என்கிட்டருந்து ஓடினாளே, அதேதான்.

உன்னையும் வேலையிலருந்து எடுத்துட்டு, இந்த மாசக் கடைசியில திருப்பி அனுப்புறாங்களாம். சின்ச்சுவுல உங்க அண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, நான் கேட்டுட்டேன். உன் துணியெல்லாம் துவைச்சு, மடிச்சு, நேத்தே அங்க அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து யீஜென்னைக் கூட்டிட்டுப் போ, அவ உன்னைத் தேடுறா.

இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்கப்போறோம். நீ அந்த வீட்டுல, நான் இந்த வீட்டுல.

சியூ யூலுவான்